அறம் ஒப்பிக்கும் பாடமா?

கள்ளாமை என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவன், தேர்வுக் கூடத்தில் முன்னிருப்பவன் தாளைப் பார்த்து எழுதுகின்றான். அவன் கள்ளாமையை அறியாதவன் அல்லன். ஓதி, எழுதி, அதற்கு முழு மதிப்பெண்ணும் பெற்றவன். அப்படியானால் எங்கே பிழை? அறிதலுக்கும் செய்தலுக்கும் இடையே ஒரு வேலை இருக்கின்றது. நிலைமையை உணர்ந்து, எதிர்நிற்கும் வழிகளை எடைபோட்டு, தக்கது இது எனத் தெளிந்து, அத் தெளிவில் நிற்கும் வேலை அது. அவ்வேலையை அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. தமிழகத்துக் கல்விக் கூடங்களில் அறம் ஒப்பிக்கப்படுகின்றது, ஆராயப்படவில்லை.

2016-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் சென்னை உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை, திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடமாக்குமாறு தமிழ்நாட்டு அரசுக்கு ஆணையிட்டது. இளந்தலைமுறை ஒழுக்கத்தில் உயரவேண்டும் என்பதே அதன் நோக்கம். அரசாணையும் பின்னர்ப் பிறந்தது. தமிழர் அதனை வரவேற்றனர், வரவேற்கத் தக்கதே. ஆயினும் நூலைப் பாடத்திட்டத்தில் ஏற்றுவது வேறு. நூல் சொல்லும் அறத்தை உள்ளத்தில் ஏற்றுவது வேறு. அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரி கல்விக் குழு, கிழமைக்கு ஒன்றிரண்டு பாடவேளைகளை ஒழுக்கக் கல்விக்கு ஒதுக்கவேண்டும் என்றது. அப் பாடவேளை 'நன்னெறி' என்று கால அட்டவணையில் எழுதப்பட்டு, தேர்வு நெருங்குந்தோறும் கணக்குக்கும் அறிவியலுக்கும் இரவலாகக் கொடுக்கப்படுவதைத் தமிழகத்தில் படித்தவர் அறிவர். மேனிலை வகுப்புகளில் 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' என்றொரு பாடம் உண்டு. அது விருப்பப் பாடம். மருத்துவமும் பொறியியலும் நாடி அறிவியற் பிரிவில் சேரும் மாணவன் அதன் அட்டையையும் பார்ப்பதில்லை. அறம் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் பாடமாகிவிட்டது!

இந் நிலையைக் காணச் சேலம், நாமக்கல் சமவெளியைவிடத் தக்க இடம் வேறில்லை. சேலம் மாநகரில் வீடுகளும் மருத்துவமனைகளும் கடைகளும் நெருங்கிய பகுதி ஒன்றுக்கு 'ஃபேர்லேண்ட்சு' என்று பெயர். தமிழ் மண்ணில் ஆங்கிலப் பெயர்! அவ் அயற்சொல்லின் முற்பகுதிக்கு அழகு என்றும் பொருளுண்டு. நேர்மை என்றும் பொருளுண்டு. அழகிய நிலம் என்று எண்ணியே பெயரிட்டிருப்பர். அங்குக் குடியிருக்கும் பெற்றோர் தம் மக்களுக்குத் தேடும் கல்வியும் அழகுடையதுதான்: உயர்ந்த கட்டடம், ஆங்கில வழி, நிறைந்த மதிப்பெண். அந்நிலம் நேர்மை நிலமும் ஆகவேண்டுமாயின் அக் கல்வி என்ன கற்பிக்கின்றது என்று உசாவவேண்டும்.

1997-இல் சேலம் மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டம், உண்டுறைப் பள்ளிகளால் தமிழகம் முழுதும் பெயர் பெற்றது. தென்கோடியிலிருந்தும் பெற்றோர் தம் பிள்ளைகளைக் கொணர்ந்து அவ்விடுதிகளில் விட்டனர். அங்குப் பல பள்ளிகளிலும், அவற்றைப் பின்பற்றிய பிற மாவட்டப் பள்ளிகளிலும் நடந்தது என்ன? பதினோராம் வகுப்பின் பாடங்களைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பின் பாடங்களையே ஈராண்டும் ஓதுவித்தனர். முதலாண்டிலேயே இறுதித் தேர்வுக்கு உருவேற்றும் பணி தொடங்கியது. மக்கள் அப் பள்ளிகளைக் கோழிப்பண்ணையோடு ஒப்பிட்டுப் பேசினர். அடைத்து வைத்து, தீனி கொடுத்து, எடை ஏற்றி, சந்தைக்கு அனுப்பும் முறை இரண்டிலும் ஒன்றே என்பது அவ்வொப்பீட்டின் பொருள். 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு, மாநில அளவில் முதல் மூன்றிடம் பெற்றோரை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அவ்வாண்டே பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தது. பாடங்கள் தள்ளப்படுவதைத் தடுப்பதே அதன் நோக்கம் என்றும் கூறியது.

அந்தப் பூட்டும் நிலைக்கவில்லை. 2025 ஆகசுட்டில் வெளியான தமிழ்நாட்டு மாநிலக் கல்விக் கொள்கையையொட்டிப் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. மாணவர் மீதுள்ள சுமையைக் குறைக்க வேண்டும் என்பது ஏற்கத் தக்க கரணியமே. ஆனால் இனி ஒரு பள்ளி பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்துகின்றதா, தள்ளுகின்றதா என்பது மீண்டும் அப் பள்ளியின் மனச்சான்றைப் பொறுத்ததாயிற்று. பூட்டு இருந்த நாளில் திருடாதவன் நேர்மையாளனா என்பது பூட்டுக் கழன்ற நாளில்தான் தெரியும்.

இதில் ஆழ்ந்து எண்ணவேண்டிய ஒன்றுண்டு. பாடத்தைத் தள்ளும் பள்ளியிலும் திருக்குறள் கற்பிக்கப்படுகின்றது, சுவரில் எழுதப்படுகின்றது, காலை வழிபாட்டில் ஓதப்படுகின்றது. நடத்தாத பாடத்தை நடத்தியதாகப் பள்ளி ஏட்டில் எழுதுவதையும், அலுவலர் பார்வையிட வருநாளில் மட்டும் வேறு பொத்தகம் விரிக்கப்படுவதையும் ஒரு மாணவன் காண்பானாயின், அவன் கற்பது எந்தப் பாடம்? "சொல்வது குறள், செய்வது ஆதாயம்" என்னும் பாடம். அதற்குத் தேர்வில்லை, மதிப்பெண்ணில்லை. எனினும் அவன் அதை மறப்பதேயில்லை. கல்விக்கூடத்தின் நடத்தையே மாணவனுக்கு முதல் அறநூல்.

அறம் ஒப்பிக்கும் பொருளாகிப் போனதற்கு வேர், தேர்வு முறையில் மட்டும் இல்லை. அறம் என்னும் சொல்லைத் தமிழர் எவ்வாறு உணர்கின்றனர் என்பதிலும் இருக்கின்றது. 'அறு' என்னும் அடியினின்று அறம் பிறந்தது என்று காட்டும் மொழியறிஞர் உளர். அறுத்தலாவது வெட்டுதல், பிரித்தல், வரையறுத்தல். நல்லதையும் தீயதையும் பிரித்து, இதுவரை செல்லலாம், இதற்குமேல் செல்லலாகாது என வரைந்து கொள்வது அறம். அவ்வாறு கொள்ளின், அச் சொல்லுக்குள்ளேயே ஆராய்ந்து முடிவு செய்யும் செயல் அடங்கியிருக்கின்றது.

பரிமேலழகர் வேறு பொருள் கொண்டார். தம் திருக்குறள் உரைப்பாயிரத்தில் அவர், மனு முதலான நூல்கள் ஏவியவற்றைச் செய்தலும் தடுத்தவற்றைத் தவிர்த்தலுமே அறம் என்னும் கருத்தை நிறுவினார். அறத்தின் ஒரு கூறாகிய ஒழுக்கத்தை, வருணத்தார் தத்தமக்கு வகுத்த நிலைகளினின்று வழுவாமை என்றும் விளக்கினார். அவருடைய உரை நுட்பத்தைப் போற்றுவோரும் இவ்விடத்தில் அவரோடு உடன்படுதல் இயலாது. ஏனெனில் இங்கு அறம் முடிவு செய்வதாக இல்லை, கீழ்ப்படிவதாக இருக்கின்றது. மேலே ஒருவன் விதிக்கின்றான். கீழே ஒருவன் ஒழுகுகின்றான். விதித்தது சரியா என்று உசாவுவதற்கு இடமில்லை. பிறப்பினால் மாந்தருள் வேறுபாடு இல்லை என்னும் உண்மையைப் பெருமை என்னும் 98-ஆம் அதிகாரத்தில் நாட்டிய வள்ளுவரின் நூலுக்கே, பிறப்பின் வழியே ஒழுக்கத்தைப் பங்கிடும் முகவுரை எழுதப்பட்டது! கீழ்ப்படிதலை அறமாகக் கற்றவனுக்கு அம் முரண் தோன்றாது. எண்ணித் தெளிதலை அறமாகக் கற்றவனுக்குத் தோன்றாமற் போகாது.

இது பழைய உரையைப் பற்றிய புலவர் வழக்கு அன்று. கீழ்ப்படியும் அறம் இச் சமவெளியில் அரத்தம் சிந்தியிருக்கின்றது. 2015-ஆம் ஆண்டு சூன் 23-ஆம் நாள், சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராசு என்னும் ஒடுக்கப்பட்ட குலத்துப் பொறியியற் பட்டதாரி, திருச்செங்கோட்டு மலைக்கோயிலில், தம்முடன் படித்த வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த பின்னர்க் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையத்தை அடுத்த தொடர்வண்டிப் பாதையில் அவருடல் கிடந்தது. வழக்கு நாமக்கல்லினின்று மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சுத் திங்களில் மதுரைச் சிறப்பு முறைமன்றம் பதின்மரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. முதன்மைக் குற்றவாளிக்கு இறுதிவரை சிறை என ஒறுப்பளித்தது. 2023 சூன் திங்களில் சென்னை உயர்முறைமன்றம் அவ்வொறுப்பை உறுதி செய்தது.

அக்கொலையைச் செய்தவர்களும் தங்களை ஒழுக்கத்தின் காவலர் என்றே கருதினர் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். 'சாதி ஒழுக்கம்' எதை விதித்ததோ அதை உசாவாது ஏற்றனர். வீட்டிலும் ஊரிலும் அவர்கள் கற்ற அறப்பாடம் கீழ்ப்படிதல். பள்ளியில் கற்றதும் அதுவே. இரண்டையும் பிரித்தறுத்துக் காணும் பயிற்சி இடையில் எங்கும் கிடைக்கவில்லை. அவ்வழக்கில் சான்றாளர் பலர் பிறழ்ந்தனர். மாந்தர் வாய் மூடிய இடத்தில் கோயிலின் கண்காணிப்புக் கருவி பதிந்திருந்த காட்சிகள் பேசின. பிறழ்ந்தவரைப் பழிப்பது எளிது. அச்சத்துக்கும் உறவுக்கும் ஊருக்கும் நடுவே தனித்து நிற்பது அரிது. அவ்வருமையை ஒருவன் வாழ்க்கையில் முதன்முதலாகச் சான்றுக் கூண்டில்தான் சந்திக்க வேண்டுமா? பதினான்கு, பதினைந்து அகவையில், அச்சமில்லா வகுப்பறையில், உடன் பயில்வாரோடு அமர்ந்து, "இத்தகைய நிலையில் என்ன செய்வது? ஏன்?" என்று ஒருமுறையேனும் எண்ணிப் பழகியிருந்தால், அத் தனிமை சிறிதேனும் பழகியதாய் இருந்திருக்கும். அறக்கல்வியின் பயன் இதுவே.

சிறுவர்க்கு முடிவு செய்யும் உரிமை கொடுத்தால் ஒழுங்கு கெடும் என்பார் உளர். அவர் கூறுவதில் ஒரு பாதி உண்மை. ஐந்து அகவைக் குழந்தைக்குப் பொய் சொல்லாதே, அடிக்காதே, பகிர்ந்து உண் என்று பழக்கத்தால்தான் கற்பிக்கவேண்டும். நீந்தக் கற்பவனுக்கு முதலில் தக்கை வேண்டும். ஆனால் இருபது அகவையிலும் தக்கையோடு மிதப்பவனை நீந்தத் தெரிந்தவன் என்று எவரும் சொல்லார். இன்னொரு சாரார், ஆராயத் தொடங்கினால் ஆளுக்கோர் அறமாகிவிடும் என அஞ்சுவர். இவ்வச்சமும் பொருந்தாது. ஆராய்தல் என்பது விரும்பியதைச் சொல்லுதல் அன்று, கரணியம் காட்டுதல். "எனக்கு ஆதாயம்", "எவருக்கும் தெரியாது", "எல்லாரும் செய்கின்றனர்" என்பவை அறத்தின் முன் கரணியமாக நில்லா. கரணியத்தைத் தராசில் இட்டால் பொய்யெடைகள் தாமே கழியும்.

அறமுடிவுக்கு உலக மெய்யியலார் மூன்று பெருவழிகளைக் காட்டுவர். செயலின் விளைவை நோக்கி, மிகப் பலருக்கு நன்மை தருவதே தக்கது என்பது பெந்தாம், மில் என்னும் ஆங்கில அறிஞர் வழி. விளைவு எதுவாயினும் கடமையும் நெறியுமே அளவுகோல் என்பது செருமானிய அறிஞர் காண்ட்டு வழி. செயலைவிடச் செய்வோனின் பண்பே முதன்மை; நற்பண்பு பழக்கத்தால் அமையும் என்பது கிரேக்கப் பேரறிஞர் அரிசுட்டாட்டில் வழி. இம்மூன்றும் தமிழ் மாணவனுக்குப் புதியன அல்ல. ஆக்கமும் அழிவும் எண்ணிச் செயலில் இறங்கச் சொல்லும் தெரிந்துசெயல்வகை (47), விளைவு நோக்கும் வழி. தாயின் பட்டினியைக் காணும் கொடுமை நேரினும் இழிசெயலில் இறங்கலாகாது என எல்லைக்கோடு இடும் வினைத்தூய்மை (66), நெறி நிற்கும் வழி. சான்றாண்மையும் (99) பண்புடைமையும் (100) ஆளை நோக்கும் வழி. மேலையறிஞர் தனித்தனிக் கொள்கையாக்கிப் பூசலிடுபவற்றை வள்ளுவர் ஒரு நூலுள் வைத்தார். அவற்றைத் தனித்தனிக் குறளாக ஓதுகின்ற மாணவனுக்கு, அவை ஒன்றோடொன்று மோதும் இடத்தில் என்ன செய்வது என்பதே கேள்வி.

வாய்மையை எடுத்துக்கொள்ளலாம். கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டி, உள்ளே ஒளிந்திருக்கும் நண்பன் எங்கே என்று கேட்கின்றான். அப்போதும் பொய் சொல்ல உரிமையில்லை என்று காண்ட்டு 1797-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் வாதிட்டார். வள்ளுவரோ வாய்மை அதிகாரத்தின் (30) தொடக்கத்திலேயே, பிறர்க்குத் தீங்கு நேராத சொல்லே வாய்மை என வரையறுத்து, குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார். இருவருள் எவர் சரி? இதனை ஒன்பதாம் வகுப்பில் கேட்டால் வகுப்பு விழித்துக்கொள்ளும். அங்கேயே ஆசிரியர் அடுத்த கேள்வியை எழுப்பலாம்: தேர்வில் தோழனுக்கு விடை காட்டுவது 'நன்மை' என்று ஒருவன் வள்ளுவரைத் துணைக்கழைத்தால்? நன்மை மட்டும் போதாது, அது குற்றமற்றதாகவும் இருக்கவேண்டும் என்னும் கட்டுப்பாடு அப்போது மாணவனுக்கே புலப்படும். காட்டிய விடை, காட்டாது உழைத்த வேறொருவனின் இடத்தைப் பறிக்கின்றது. ஒப்பித்த நாளில் வெறும் அடைமொழியாய்க் கிடந்த சொல், உசாவிய நாளில் உயிர் பெறுகின்றது.

இச்சமவெளியின் வாழ்க்கையினின்றே இன்னொரு சிக்கலை வகுப்பில் வைக்கலாம். சேலமும் நாமக்கல்லும் மரவள்ளிக் கிழங்குக்கும் சவ்வரிசிக்கும் பெயர் பெற்றவை. உற்பத்தியாளருக்காக 1981-இல் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவு அமைப்பு சேலத்தில் தோன்றியது. 2023-இல் சேலம் சவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெண்மை மிகுவதற்கு வேதிப்பொருள் இடுவதும் மக்காச்சோள மாவு கலப்பதும் அத் தொழிலில் நெடுநாளாக எழும் குற்றச்சாட்டுகள். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை சவ்வரிசி ஆலையொன்றில் மேற்பார்வையாளர் என்று வைத்துக்கொள்வோர், அவள் அங்குச் சென்ற நாளில் வேதிப்பொருள் கலப்பதைக் கண்டுவிட்டாள் எனவும் கொள்ளட்டும். "முதலாளி சொல்வதைச் செய்கிறேன், அம்மா, இல்லையேல் உன் படிப்பு ஏது?" என்கின்றார் தந்தை. அவள் என்ன செய்வது?

இங்கு ஐந்து கேள்விகள் அவளுக்குத் துணையாகும்.

முதலாவது: உண்மை எது? கண்டது என்ன, ஊகித்தது என்ன? அப்பொருள் யாது, எவ்வளவு, தடுக்கப்பட்டதா? இதற்கு விடை தெரியாமல் எம் முடிவும் முடிவன்று. கோவலன் வழக்கில் பாண்டியன் இடறியது இம் முதற்படியிலேதான். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றான். சிலம்பினுள் முத்தா, மாணிக்கமா என்னும் ஒரு கேள்வியை முன்னரே கேட்டிருந்தால் மதுரை எரிந்திராது.

இரண்டாவது: எவரெவர்க்கு என்ன விளையும்? தந்தையின் வேலை ஒருபுறம். அதனை உண்ணும் குழந்தைகளும் நோயாளரும் மறுபுறம். வேதிப்பொருளைக் கையால் அள்ளும் ஆலைத் தொழிலாளர் இன்னொரு புறம். மாவுக் கலப்பும் இருக்குமாயின் கிழங்குக்கு விலையிழக்கும் உழவரும் உளர். கண்ணுக்குத் தெரிபவர் ஒருவர், தெரியாதவர் பலர். தெரியாதவரையும் கணக்கில் கொள்ளப் பழகுவதே இக் கேள்வியின் பயன்.

மூன்றாவது: எக் கரணியத்தாலும் செய்யலாகாதது எது? நஞ்சு என்று அறிந்தும் உணவில் இடுவது அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது. நான்காவது: இதே செயலை வேறொருவன் தந்தை செய்திருந்தால் தீர்ப்பு மாறுமா? இது நடுவுநிலைமை (12) தரும் கேள்வி. தன்னவர்க்கு ஒரு தராசு, பிறர்க்கு ஒரு தராசு என்னும் கேட்டை இது ஒன்றே வெளிக்கொணரும். சாதியின் பெயரால் நடக்கும் கொடுமைகள் எல்லாம் இக் கேள்வியின் முன் நில்லா. ஐந்தாவது: இம்முடிவுக்குப் பின் தான் எத்தகையள் ஆவாள்? பேசாதிருப்பதும் ஒரு முடிவே. அதுவும் ஆளை உருவாக்குகின்றது.

இவ்வாறு எண்ணும்போது மாணவர் முதலில் காணாத வழிகள் தோன்றும். தந்தையைக் காட்டிக்கொடுப்பது, அல்லது வாய்மூடி இருப்பது என்னும் இரண்டே வழிகள் தொடக்கத்தில் தெரியும். பின்னர், தந்தையோடு அமைதியாகப் பேசுவது; தொழிலாளர் பலர் சேர்ந்து முதலாளியிடம் உரைப்பது; 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ள அலுவலருக்குத் தெரிவிப்பது; முதலில் எதைச் செய்து, பயனில்லையேல் அடுத்து எதைச் செய்வது என்னும் ஒழுங்கு இவையெல்லாம் விளங்கும். மாணவர் அனைவரும் ஒரே முடிவுக்கு வாராமல் போகலாம். ஆனால் எம் முடிவுக்கு வந்தவரும், வந்த வழியைச் சொல்ல வல்லவராவர். அறக்கல்விக்கு அவ்வளவும் வேண்டும், அவ்வளவே போதும்.

அயல்நாடுகளில் இம்முறையை ஆய்ந்தோர் உளர். அமெரிக்க உளவியலறிஞர் இலாரன்சு கோல்பர்க்கு, 1958-இல் முடித்த ஆய்வில், சிகாகோ பகுதிச் சிறுவர் 72 பேரிடம் இத்தகைய சிக்கல்களைக் கூறி வினவினார். சாகக்கிடக்கும் மனைவிக்கு மருந்து வாங்கப் பணமில்லாத கணவன் அதனைத் திருடலாமா என்பது அவற்றுள் புகழ்பெற்றது. ஆம், இல்லை என்னும் விடையை அவர் அளக்கவில்லை. விடைக்குக் காட்டிய கரணியத்தையே அளந்தார். ஒறுப்புக்கு அஞ்சும் நிலையிலிருந்து, ஊர் மெச்சும் நிலை கடந்து, நெறியை நெறிக்காகவே ஏற்கும் நிலைவரை உள்ளம் படிப்படியாக வளர்கின்றது என்றார். அவர்தம் அளவுகோல் ஆண்பிள்ளைகளைக் கொண்டே அமைந்தது, உறவும் பரிவும் அதில் எடை குறைந்தன என்று கரோல் கில்லிகன் என்னும் அம்மையார் 1982-இல் மறுத்தார். அம் மறுப்பும் கொள்ளத் தக்கதே. அன்பை அறத்தின் அடியில் வைத்த தமிழர்க்கு அது வியப்பும் தாராது.

ஆயினும் சிக்கல்களுக்கு அமெரிக்கா செல்லவேண்டுவதில்லை. மனுநீதிச் சோழன் வரலாற்றைத் தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் கேட்டிருப்பர். கன்றை இழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டான் என்று முடித்துவிடுவது வழக்கம். மகனைக் கொல்லுமாறு பணிக்கப்பட்ட அமைச்சன், அதனைச் செய்ய மனமின்றித் தன்னுயிர் துறந்தான் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அவ் அமைச்சனைப் பற்றி எந்த வகுப்பிலேனும் பேச்சு எழுகின்றதா? அரசன் செய்தது நடுவுநிலையா, மிகையா? அறியாது நேர்ந்த கொலைக்கும் அறிந்து செய்த கொலைக்கும் ஒறுப்பு ஒன்றாகலாமா? ஆணைக்கும் மனச்சான்றுக்கும் இடையில் நின்ற அமைச்சனுக்கு வேறு வழி இருந்ததா? இக் கேள்விகளை எழுப்பினால் பழங்கதை இன்றைய அறநூலாகும். எழுப்பாவிடின் அது கல்லாய் நிற்கும் சிலை மட்டுமே.

இப் பயிற்சி தாய்மொழியில் நடத்தல் வேண்டும் என்பதையும் இங்கே அழுத்திக் கூறவேண்டும். ஆங்கில வழிப் பள்ளிகளில் 'மாரல் சயின்சு' என்னும் பெயரால் ஒரு பொத்தகம் இருக்கின்றது. அதில் வரும் கதைமாந்தர் அயலார், சொற்களும் அயல். ஒரு பிள்ளை தன் உள்ளத்தோடு வழக்காடுவது தாய் பேசிய மொழியில்தான். சினமும் நாணமும் இரக்கமும் அதற்குத் தமிழில்தான் தோன்றுகின்றன. அவற்றைத் தமிழில் பெயரிட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளை, அவற்றை எடைபோடவும் அறியாது.

செய்யவேண்டுவன பெரியன அல்ல. கிழமைக்கு ஒரு பாடவேளையை எவருக்கும் இரவல் கொடாமல் காத்தல். அதற்கு மதிப்பெண் இடாதிருத்தல், ஏனெனில் மதிப்பெண் இட்ட மறுநாளே அதற்கும் வினாவிடைப் பொத்தகம் அச்சாகிவிடும். வாழ்க்கையினின்று எடுத்த ஒரு சிக்கலை முன்வைத்தல். ஆசிரியர் தம் தீர்ப்பை இறுதிவரை அடக்கிக்கொண்டு கரணியம் கேட்டல். மாறுபட்டுப் பேசும் மாணவனை அடக்காது காத்தல். முடிவில் அச்சிக்கலுக்குப் பொருந்தும் குறள்களை விரித்துப் படித்தல். குறளைப் படித்துச் சிக்கலை மறப்பதினும், சிக்கலில் உழன்று குறளைத் தேடுவது ஆழப் பதியும். இவற்றுக்கு அரசாணை வேண்டா, கட்டடம் வேண்டா. பள்ளி தன் ஏட்டில் உண்மையை எழுதவேண்டும் என்பது மட்டும் வேண்டும். பாடத்தைத் தள்ளிவிட்டு நடத்தியதாக எழுதும் பள்ளியில் இவ்வகுப்பு ஒரு நாளும் நடவாது. நடந்தால் மாணவர் கேட்கும் முதற்கேள்வி அப்பள்ளியைப் பற்றியதாகவே இருக்கும்.

சேலத்துப் பெற்றோரே! நாமக்கல் ஆசிரியரே! பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் எத்தனை மதிப்பெண் வாங்கித் தருவீர் என்று கேட்பது வழக்கமாயிற்று. பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பதினோராம் வகுப்பில் நடத்துவீரா என்றும் இனிக் கேட்பீராக. என் பிள்ளை மாறுபட்டுப் பேசினால் கரணியம் கேட்பீரா, வாயை அடைப்பீரா என்றும் கேட்பீராக. கேளாத பெற்றோரின் பிள்ளை 133 அதிகாரங்களையும் ஒப்பிக்கும். ஒருநாள் ஊரும் உறவும் சாதியும் ஒருபுறம் நிற்க, உண்மை மறுபுறம் தனித்து நிற்கும்போது, ஒப்பித்தது எதுவும் அதன் நாவில் வாராது. எண்ணிப் பழகிய பிள்ளைக்கு அன்று ஒரு குறளும் நினைவில் இல்லாமற் போகலாம். ஆனால் அது எப்பக்கம் நிற்கவேண்டும் என்பதை அறிந்திருக்கும்.